படாக் வீட்டுப் பின்னறை

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஏணி பிடிக்கிறவன். மற்ற ஆறு நாளும் தீவுகளுக்குப் போகிற கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் அந்தக் கடலை நான்தான் கலக்கிவிட்டேன் என்பதுபோலத் திட்டு வாங்குவேன். ஏழாவது நாளாவது படுத்துக் கிடக்கலாம் என்றால் முடியாது. என் மனைவி கார்த்திகா மடக்கு ஏணியை ஸ்கூட்டரில் கட்டிவிட்டு வாசலில் நின்று ஹாரன் அடிப்பாள்.

அவளுக்குப் பழைய வீடுகளைச் சோதித்துச் சொல்கிற வேலை. மரத்தாலும் தகரத்தாலும் கட்டிய பழைய வீடுகள் போர்ட் பிளேரில் இன்னும் நிறைய நிற்கின்றன. அவற்றில் இருப்பவர்களுக்கு இப்போது ஒரே நேரத்தில் ஆசை வந்திருக்கிறது. கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கிற ஷீட், ஏசி, சோலார் பேனல், பேட்டரி. ஆசையில் தப்பில்லை. இங்கே வெயிலும் அப்படி, கரண்டும் அப்படி. ஆனால் எதைப் பொருத்துவதற்கு முன்னாலும் கூரை தாங்குமா, வயரிங் எந்தக் காலத்தது, காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று ஒரு ஆள் பார்த்தாக வேண்டும். கார்த்திகா எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள், லைசென்ஸ் வைத்திருப்பவள். ஒரு சோலார் கம்பெனிக்காகப் பார்த்துக் கொடுக்கிறாள். அவள் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி வேலையைத் தொடங்கும்.

இவ்வளவு தெளிவாக நான் எடுத்துச் சொன்னாலும் ஜனங்களுக்கு மண்டையில் ஏறாது. "சார், மேல எத்தனை பேனல் வரும்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். ஏணியைப் பிடித்தபடி மேலே கை காட்டுவேன். மேலே இருந்து கார்த்திகா பதில் சொல்வாள். அதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியா சார்?" என்று மறுபடியும் என்னிடமே திரும்புவார்கள். அன்றைக்கு எத்தனை 'சார்' விழுந்தது என்பது வீட்டுக்கு வந்து அவள் கறிவேப்பிலை உருவுகிற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு அதைவிட எரிச்சல், எல்லாம் முடிந்த பிறகு கூப்பிடுகிறவர்கள் மேல். ஒரு வீட்டில் ஏசி மாட்டுகிற உற்சாகத்தில், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் அந்தக் காலத்து ஆட்கள் காற்றுக்காக விட்டிருந்த இடைவெளியை முழுக்க நுரை அடித்து மூடிவிட்டார்கள். ஒரே மழைக்காலத்தில் சுவர்ப் பலகை பூராவும் பூஞ்சணம். இன்னொரு வீட்டில் கூரைத் தகரத்துக்கு வெயிலைத் தடுக்கிற வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பீப்பாயில் பிடித்து, அதைத்தான் கோடை முழுக்கச் சமையலுக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சோற்றில் பெயிண்ட் வாடை அடிக்கிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். "முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே" என்று கார்த்திகா கேட்டதற்கு, "பெயிண்ட் அடிக்கிறதுக்கு எதுக்கு மேடம் ஆள்?" என்றார் வீட்டுக்காரர். சாக்குச் சொல்கிற நேரத்தில் மட்டும் அவள் மேடம்.

அவள் கட்சாலில் பிறந்தவள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களை அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள் இல்லையா, அந்தக் குடும்பங்களில் ஒன்று. சுனாமி வந்தபோது கார்த்திகா இங்கே ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா மேட்டுத் தோட்டத்தில் இருந்ததால் பிழைத்தார்கள், வீடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்தது தகரக் கொட்டகை. கூரையும் தகரம், சுவரும் தகரம். காலை பதினோரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாமல் சனங்கள் வெளியே மரத்தடியில் கிடப்பார்கள். லீவுக்குப் போனவள் அங்கே கொட்டகையைப் பார்க்க வந்த ஒரு அதிகாரியைப் பார்த்திருக்கிறாள். மனிதர் வாசலில் நின்றபடியே 'வசதி திருப்தி' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே கால் வைக்கவில்லை. இந்தக் கதையை அவள் எனக்குச் சொன்னது நூறு தடவை இருக்கும். உள்ளே போகாமல் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டேன் என்பாள். எழுதாமலும்தான் இருந்தாள், எங்கள் பெரியப்பா வீடு வருகிற வரைக்கும்.

பெரியப்பா சிவப்பிரகாசம் என் அப்பாவுக்கு அண்ணன். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பேச்சில் இந்தி கலந்து வரும், வயது எழுபத்தாறு. லம்பா லைன் பகுதியில் அவர் இருக்கிற மரவீடு என் தாத்தா பெரியதம்பி ராமநாதபுரத்திலிருந்து வந்து தன் கையால் கட்டியது. படாக் மரம். இந்தத் தீவுக்காரர்களுக்குப் படாக் என்றால் பாதி தங்கம், சிவப்பாக, கனமாக, பூச்சி எட்டிப்பார்க்காத மரம். பழைய வீடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் தன் வீடு படாக் என்றுதான் சொல்வார்கள். பெரியப்பா சொல்வதோடு விடமாட்டார். யார் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவராக இருந்தாலும், முன்னறைத் தூணை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுவார். "சுனோ, கேளு. படாக். அறுபது வருஷம்." நானும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்களைக் கூட்டிவந்து அந்தத் தூணைத் தட்டிக் காட்டியிருக்கிறேன்.

பெரியம்மா பானுமதிக்கு இரண்டு வருஷமாக நுரையீரலில் கோளாறு. ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் ஆக்ஸிஜன் மெஷினோடு இருக்கிறாள். மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் பழைய இன்வர்ட்டர் அரைமணி நேரம் இழுக்கும், அதற்குப் பிறகு பெரியப்பா சிலிண்டரை உருட்டிக்கொண்டு வர வேண்டும். எழுபத்தாறு வயதில் எத்தனை நாள் உருட்டுவார்? ஒரே மகள் ரூபா மெயின்லாண்டில். போன பிப்ரவரியில் கரண்ட் ஒரே நாளில் நாலு தடவை போனது. பெரியம்மாவின் உதடு நீலமாகிவிட்டதைப் பார்த்துப் பயந்துபோன பெரியப்பா, சோலாரும் பேட்டரியும் போட்டே தீருவது என்று முடிவெடுத்தார். கூடவே பின்னறையை அடைத்து ஏசி. மாதக் கடைசிக்குள் பதிந்தால் இந்த வருஷப் பட்டியலில் இடம், இல்லையென்றால் அடுத்த வருஷம்தான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்குப் போனோம். கார்த்திகா முன்னறையில் ஏணி போட்டுச் சீலிங் பலகையைத் தள்ளி டார்ச் அடித்துப் பார்த்தாள். கூரையைத் தாங்குகிற கைமரங்களில் எட்டினவற்றைத் தட்டிப் பார்த்தாள். கணகணவென்று நல்ல சத்தம். வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தாள். முன்பக்கக் கூரையில் பலாமர நிழல், பேனல் போட்டால் பின்னறைக்கு மேலேதான் போட வேண்டும் என்றாள். கொல்லையில் துவைக்கிற இடத்துக்கு மேல் ஒரு சிமெண்ட் தளம் இருந்தது. அதன்மேல் பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் விழுந்து கிடந்தது. 'நிழல்' என்று எழுதிக்கொண்டாள். பிறகு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கூரை எப்போது மாற்றியது, எங்கே ஒழுகும், எந்த அறை சூடு.

"பூச்சி அரிச்சு மரத்தூள் எங்கயாச்சும் கொட்டுதுங்களா பெரியப்பா?"

"தூளா? இந்த வீட்டுலயா?" பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அறுபது வருஷத்துல ஒரு பொட்டுத் தூள் பாத்ததில்ல நான். படாக் ஹை, பேட்டி. படாக்கும்மா இது."

"பின்னறையையும் ஒருவாட்டி பாத்துடுறேங்க."

"இப்பத்தான் உங்க பெரியம்மா கண்ணசந்தா. ஏணியப் போட்டு உருட்டாத. அங்கயும் இதே மரம்தான். எங்க அப்பா எல்லாத்தையும் ஒரே லாட்ல எடுத்தாரு."

கார்த்திகா என்னைப் பார்த்தாள். வேறு வீடாக இருந்தால் 'பரவாயில்லைங்க, ரெண்டு நிமிஷம்' என்று உள்ளே போயிருப்பாள். இது மாமனாரின் அண்ணன் வீடு. மருமகள் எதிர்த்துப் பேசினாள் என்று ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். நான் விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினேன். அவள் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெரியப்பா தூணைத் தட்டினார். டீ குடித்துவிட்டு வந்தோம்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, என் டியூட்டிக்கு முன்னால் காலை ஆறரைக்குப் போனோம். அந்த ஆக்ஸிஜன் மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்தால்தான் பேட்டரி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கணக்குப் போட முடியுமாம். பெரியப்பா மீன் வாங்கப் போயிருந்தார். கொல்லைக் கதவு வழியாக உள்ளே போன கார்த்திகா, பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

பெரியம்மா மூக்குக் குழாயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். நாலு தடவை பெருக்குவாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள், மறுபடி நாலு தடவை. முறத்தில் ஒரு கை அளவுக்கு மஞ்சளாக, கடலை மாவு போலத் தூள் சேர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முறத்தைப் புடவைத் தலைப்பால் மூடினாள்.

கார்த்திகா அவள் எதிரில் குந்தினாள். முறத்தை வாங்கித் தலைப்பை விலக்கினாள். தூளை விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சீலிங் பலகையைத் தள்ளி, அங்கே தெரிந்த கைமரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாள். அது பிடி வரைக்கும் இறங்கியது. அவள் ஒன்றும் பெரிதாக அழுத்தவில்லை.

"பெரியம்மா, இது படாக் இல்லீங்க."

"தெரியும்மா."

தாத்தா கண் படுகிற இடத்திலெல்லாம் படாக் போட்டிருக்கிறார். தூண், நிலை, முன்னறைக் கைமரம். கண் படாத பின்னறையில் ஏதோ லேசான மரத்தை வைத்து, அதே நிறத்தில் செம்மண் பெயிண்ட் அடித்து விட்டிருக்கிறார். அவரிடம் இருந்தது அவ்வளவுதானோ என்னவோ. எனக்கு அந்த நிமிஷத்தில் அவர் மேல் கோபம் வந்தது. செத்து முப்பது வருஷமான ஆள் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்?

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள் பெரியம்மா. குழாயை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "தினம் அவரு எழுந்திரிக்கிறதுக்கு முந்தி பெருக்கிடுவேன். இன்னிக்கு முடியல, லேட்டாயிடுச்சு. அந்தத் தூணத் தட்டித் தட்டியே வாழ்ந்துட்டாரு. இந்த வயசுல அதப் போயி..."

"இதுக்கு மேல பேனல் வெச்சா ஒரு காத்துக்குத் தாங்காது பெரியம்மா. விழுந்தா உங்க கட்டில் மேலதான் விழும்."

"விழுந்தா விழட்டும். எனக்கு இன்னும் எத்தனை நாளு?"

கார்த்திகா இறங்கி ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தாள். சொல்ல மாட்டேன் என்று பெரியம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். திரும்பி வருகிற வழியில் ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வாசலில் நின்று எழுதிவிட்டுப் போன அந்த அதிகாரிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். கண்ணைக் காட்டியது நான்தானே.

அன்றைக்கே கம்பெனிக்கு எழுதிவிட்டாள். முன்பு கொடுத்த 'தகுதி'யைத் திரும்பப் பெறுகிறேன், பின்பகுதிக் கூரை தாங்காது. காரணம் என்ற இடத்தில் 'மறு ஆய்வு' என்று மட்டும் போட்டாள். அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் எங்கள் மேல் பாய ஆரம்பித்தார்கள். கம்பெனி ஆள் பாலமுருகன் அவளுக்குப் போன் பண்ணவில்லை, எனக்குப் பண்ணினார். "சார், கொடுத்த கையெழுத்த வாபஸ் வாங்குனா எங்க பேரு என்னாகும்? கொஞ்சம் மேடம்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள வெச்சுப் பாத்துக்கறோம். மேடத்துக்கு இனிமே வேலை இருக்குமான்னு நான் சொல்ல முடியாது."

பெரியப்பா கவுண்டருக்கே வந்துவிட்டார். கட்சால் போகிற கூட்டம் வரிசையில் நிற்கும்போது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்.

"க்யா சம்ஜா உன் பொண்டாட்டி? எங்க அப்பன் வெச்ச மரம் தாங்காதாம். அவங்க தகர ஷெட்டுல இருந்து வந்தவங்க, அவளுக்குப் படாக்கப் பத்தி என்ன தெரியும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. சொல்ல மாட்டேன் என்று அவள் பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்ததால் நானும் சொல்ல முடியாது. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். "பெரியப்பா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சிப்பிகாட்டில் எங்கள் வாடகை வீட்டில் பெரிய சண்டை. எல்லாக் கோபத்தையும் நான் கார்த்திகா மேல் இறக்கினேன். வேறு என்ன செய்வேன்?

"உளுத்துப் போச்சுன்னா நாலு இரும்புக் குழாய முட்டுக் குடுத்தா நிக்காதா? ஊரே செய்யுது. நீ மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற?"

"நிக்குங்க. மொத்தக் கூரையையும் பிரிச்சு, எது வரைக்கும் போயிருக்குன்னு பாத்துட்டுக் குடுத்தா நிக்கும். பிரிக்க விடுவாரா ஒங்க பெரியப்பா?"

"அப்ப உள்ளதச் சொல்லிடு."

"வாக்குக் குடுத்துட்டேனே."

"சொல்லவும் மாட்ட, விடவும் மாட்ட. நாளைக்கு கரண்ட் போயி பெரியம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அதுதான் அவளையும் தின்றுகொண்டிருந்தது. கூரை மேல் வைத்தாலும் பெரியம்மாவுக்கு ஆபத்து, வைக்காவிட்டாலும் ஆபத்து. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் அவள் தனியாகவே லம்பா லைனுக்குப் போனாள். பெரியப்பா வா என்று சொல்லவில்லையாம். இவள் நின்றபடியே பேசியிருக்கிறாள். பெரியம்மா குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஒரு வாரத்துக்குப் பின்னறையை நீங்கள் பெருக்குங்கள், அதற்குப் பிறகும் கூரை தாங்கும் என்று நீங்கள் சொன்னால், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். பெரியப்பாவுக்கு இது என்ன கிறுக்குத்தனம் என்று இருந்திருக்கும். எழுபத்தாறு வருஷத்தில் விளக்குமாற்றைத் தொட்டவரில்லை அவர். ஆனால் பெருக்கினால் கையெழுத்து என்றதும், "பஸ், போதும், இவ்வளவுதானே" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

வாக்கை மீறாமல் வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் ஏழு மணிக்குப் பெரியப்பா போன் பண்ணினார். "பெருக்கிட்டேன். ஒண்ணுமில்ல. கண்ணாடி மாதிரி இருக்கு தரை." அடுத்த நாளும் அதே. "அவகிட்ட சொல்லு, பேனாவ எடுத்து வெச்சுக்கச் சொல்லு."

கார்த்திகா தலையில் கை வைத்துக்கொண்டாள். இவர் எழுந்திருப்பதற்கு முன்னால் பெரியம்மா எழுந்து பெருக்கிவிடுகிறாள். குனிந்து, குழாயைக் கழற்றிவிட்டு, நாலு தடவைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு. காப்பாற்றப் போகிறோம் என்று கிளம்பி, அவளை இன்னும் சீக்கிரம் எழுப்பிவிட்டதுதான் மிச்சம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கார்த்திகா போய்ப் பெரியம்மாவின் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே முறத்தையும். வழியில் புதிதாக ஒரு விளக்குமாறு வாங்கி, பெரியப்பாவிடமே கொடுத்து, தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா இவளை ஒரு பார்வை பார்த்தாளாம். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது என்று இவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. ஒன்பதரை மணிக்கு, நான் கவுண்டரில் இருக்கும்போது வந்தது. "ரெண்டு பேரும் வாங்க" என்றார். குரலில் சத்தமே இல்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கார்த்திகாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரியப்பா பின்னறைத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு பழைய செய்தித்தாள் விரித்திருந்தது, அதன்மேல் அந்த மஞ்சள் தூள். முறம் எங்கள் வீட்டில் இருந்ததல்லவா, பேப்பரில் அள்ளியிருக்கிறார். பெரியம்மா கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கேட்டார். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்திருப்பார் போல.

"எத்தன வருஷமா?"

பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை. "ரூபா வயித்துல இருந்தப்போ ஆரம்பிச்சுது."

ரூபாவுக்கு முப்பத்தாறு வயது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எத்தனை காலைகள். அவ்வளவு தூளும் இந்த மூக்கு வழியாகத்தானே போயிருக்கும். பெரியப்பாவும் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ, மெஷினையும் பேப்பரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்பாவைப் பற்றியோ படாக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்ன பண்றது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அப்போதும் என்னைத்தான்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நான் கார்த்திகாவைக் காட்டினேன். அவள் பையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். எடுத்தவள் பெரியப்பா பக்கம் போகவில்லை. ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரமாகப் போட்டு, பெரியம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, முதல்லருந்து கேக்கறேங்க. கூரை எங்க ஒழுகுது?"

பெரியம்மா கண்ணைத் திறந்து பெரியப்பாவைப் பார்த்தாள். பதில் அவரிடமிருந்து வரவேண்டும் என்பதுபோலக் காத்திருந்தாள். பெரியப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். அந்தப் பேப்பரை நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னறைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் பெரியம்மா பேச ஆரம்பித்தாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. வடகிழக்கு மூலையில் ஒழுகும், தெற்குக் காற்றோடு வரும் மழைக்கு மட்டும். மிக்ஸி போட்டால் பின்னறை லைட் மங்கும். மூணு மணிக்குத்தான் இந்த அறை கொதிக்கும், அதுவும் மேலேயிருந்து இல்லை, மேற்குச் சுவரிலிருந்து. ஆறு நம்பர் சுவிட்சில் கை வைத்தால் சுருக்கென்று இருக்கும். கார்த்திகா எழுதிக்கொண்டே போனாள். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கம் திருப்பினாள். அந்த ஞாயிறு நாங்கள் ஏணி போட்டுப் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"பேனல எங்க வெப்பீங்க?" என்று பெரியம்மா கேட்டாள்.

"அதுதான் தெரியல. இந்தக் கூரையில வெக்க முடியாது. முன்னாடி பலாமரம்."

"கொல்லையில சிமெண்ட் தளம் இருக்கே."

"அங்க மாமர நிழலுங்க பெரியம்மா. நான் பாத்தேன்."

"நாலு மணிக்கு மேலதான் நிழலு. காலையில எட்டுலேருந்து நாலு வரைக்கும் சுள்ளுனு அடிக்கும். வருஷா வருஷம் அங்கதானே நான் மொளகா காயவெக்கறேன்."

கார்த்திகாவின் பேனா நின்றது. அந்த ஞாயிறு நாங்கள் போனது நாலரை மணிக்கு. அவள் எழுந்து கொல்லைக்கு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். மணி பதினொன்றே கால். தளம் முழுக்க வெயில். ரூபா வயசுக்கு வந்த வருஷம் போட்ட கெட்டியான சிமெண்ட் தளம், விரிசலே இல்லை. நாலு பேனல் தாராளமாக வரும் என்றாள் கார்த்திகா. ஏசி ஓடாது. மெஷினும் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் இரவு பகலாக ஓடும். மாதக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

நாங்கள் உள்ளே திரும்பி வந்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை நாள் சண்டை, கவுண்டரில் வாங்கிய பேச்சு, கார்த்திகாவின் வேலைக்கு வந்த மிரட்டல், எல்லாம் சேர்ந்து வந்தது.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு கேட்டா?"

கார்த்திகா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். படிவத்தின் மேலே 'தகவல் தந்தவர்' என்று இருந்த இடத்தில் பானுமதி என்று எழுதினாள். பழைய படிவத்தில் அந்த இடத்தில் சிவப்பிரகாசம் என்று இருந்தது.